கைப்பேசிக்கு உறை வேண்டுமோ?

மஞ்சள் விற்ற பணத்திலோ ஆலைக் கூலியிலோ பெற்றோர் வாங்கித் தந்த கைப்பேசிக்கு உறையிடுதல் வேண்டுமோ, வேண்டாவோ என்னும் வினா நம் விடுதியில் அடிக்கடி எழுகின்றது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

வேண்டா என்பார், முகப்புக் கண்ணாடியே வலிது என்பர். அஃது உண்மையே. உருகிய உப்பில் அமிழ்த்துங்கால், கண்ணாடிப் பரப்பிலுள்ள சோடிய அயனிகள் நீங்க, அவற்றினும் பெரிய பொட்டாசிய அயனிகள் அவ்விடத்தே நெருங்கிப் புகுகின்றன. அந்நெருக்கமே அதன் வலிமை. ஆயினும் மணலிலுள்ள குவார்ட்ஸ் கண்ணாடியினும் கடிது. அதன் கீறல் ஆழ்ந்துவிடின், சிறு வீழ்ச்சியிலும் கண்ணாடி பிளவுறும். நெகிழும் உறையோ மோதும் நேரத்தை நீட்டி விசையைக் குறைக்கின்றது; அதன் உயர்ந்த விளிம்பு முகப்பைத் தரையினின்றும் விலக்குகின்றது.

குறையும் உண்டு. தடித்த உறை வெப்பத்தை அடக்கும். வெப்பம் லித்தியம் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும். ஐபோனை 35 பாகை செல்சியசுக்கு மேற்படாத சூழலிற் பயன்படுத்துக என ஆப்பிள் நிறுவனமே கூறுகின்றது. ஈரோட்டுச் சித்திரை வெயிலோ அவ்வெல்லையைக் கடப்பது.

1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் ஆக்கிய ஊர் நம் கோவை. மோட்டாரின் இரும்புக் கூட்டை நோக்குமின்! அஃது உள்ளிருக்கும் சுருளைக் காக்கின்றது. மேலுள்ள வரிவரியான விளிம்புகளால் வெப்பத்தையும் போக்குகின்றது. காப்பும் வேண்டும், வெப்பம் கழிதலும் வேண்டும் என்பதே அது கற்பிக்கும் பாடம்.

ஆதலின், வெளியே செல்லுங்கால் உறையிடுக. மின்னேற்றுங்கால் சுடுமாயின் கழற்றுக. உறையின் விலை சிறிது. உடைந்த முகப்பை மாற்றும் செலவோ பெற்றோரின் பன்னாள் உழைப்பு.