தொண்டைக்குள் நகரும் கட்டை

கேள்வி: எங்கள் பக்கம் காரைக்குடி வீணைக்குப் பெயர்போனது. மெட்டே இல்லாத கோட்டுவாத்தியத்துக்கு அப்படி என்ன செல்வாக்கு?
— ஒரு வாசகி, வலையபட்டி

பதில்: செம்மங்குடி சீனிவாசய்யர் பாட்டைக் கேளுங்கள், அம்மா. இளவயதில் அவர் திருவிடைமருதூரில் சகாராம ராவிடம் பயின்றார். ராவ் கோட்டுவாத்தியக் கலைஞர். வீணையில் மெட்டின்மேல் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பார்கள். கோட்டுவாத்தியத்திலோ கருங்காலிக் கட்டை தந்தியில் வழுக்கிக்கொண்டே போகும். சுரங்களுக்கு நடுவே வரப்பே கிடையாது. ஏறக்குறைய மனிதக் குரல்! மிசிசிப்பி கிராமங்களில் குப்பிக் கழுத்தை விரலில் மாட்டிக் கிட்டாரை அழவைத்தவர்களும் இந்த வழுக்கலைத்தான் நம்பினார்கள். செம்மங்குடி 1947-இல் சங்கீத கலாநிதி ஆனார். அவருடைய நீண்ட இழுப்புகளில், என் காதுக்கு, ராவின் கட்டை இன்னும் நகர்கிறது.