சித்தம்பூண்டிக் கல்லும் நிலவுக் கல்லும்

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தின் கடைசி வரியில் நீ கேட்டிருந்த கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. சந்திரயான்-2 இறங்குவதற்கு ஒத்திகை பார்க்க நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலிருந்தும் குன்னமலையிலிருந்தும் கல் எடுத்துப்போய், பொடித்து, நிலவு மண்ணைப் போல ஒரு மண்ணை இஸ்ரோ தயாரித்தது. அப்படியானால் அமெரிக்காவும் எங்கோ ஒரு குன்றை உடைத்து "இதுதான் நிலவுக் கல்" என்று உலகத்தை நம்பவைத்திருக்க முடியாதா என்று கேட்டிருக்கிறாய். கொடி ஏன் ஆடியது, படத்தில் விண்மீன்கள் ஏன் தெரியவில்லை, நிழல்கள் ஏன் கோணலாக விழுந்தன என்ற பழைய கேள்விகளைவிட இது பல மடங்கு நல்ல கேள்வி. அவற்றுக்கு விடை உனக்கே தெரியும். 1976-இல் பில் கேய்சிங் தன் சொந்த முயற்சியில் ஒரு புத்தகத்தை வெளியிட்டுத் தொடங்கிவைத்த, நிலவுப் பயணமே பொய் என்ற இந்த வழக்கு, அன்றிலிருந்து பெரும்பாலும் படங்களைச் சுற்றியே நடந்துவருகிறது. நீதான் படத்தை விட்டுவிட்டுக் கல்லுக்கு வந்திருக்கிறாய். வழக்கு தீர வேண்டிய இடமும் அதுதான்.

கல்லுக்குப் போகுமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிலவுப் பயணம் உண்மை என்று வாதிடுகிறவர்களே பல நேரம் பலவீனமான சான்றைத் தூக்கிக்கொண்டு வருவது எனக்குப் பெரிய எரிச்சல். "அப்போலோ 11, 14, 15 ஆகியவை வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் இன்றைக்கும் லேசர் பட்டுத் திரும்புகிறது, இதைவிட என்ன சான்று வேண்டும்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கண்ணாடிகள் அருமையானவை. நிலவு ஆண்டுக்கு 3.8 செ.மீ. நம்மைவிட்டு விலகுகிறது என்பதை அவற்றைக் கொண்டுதான் இவ்வளவு நுட்பமாக அறிந்தோம். ஆனால் அவை மனிதன் போனதற்குச் சான்றாகா. 1970-இலும் 1973-இலும் சோவியத்தின் லூனகோட் வண்டிகள் ஆளில்லாமலே அதே வகைக் கண்ணாடிகளைக் கொண்டுபோய் நிறுத்தின. கண்ணாடியே இல்லாத வெறும் நிலவுத் தரையிலிருந்து லேசர் எதிரொளியை 1962-இலேயே பிடித்துவிட்டார்கள். "லட்சக்கணக்கானவர்கள் வேலை செய்தார்கள், ஒருவராவது வாய் திறந்திருக்க மாட்டாரா?" என்ற வாதமும் இப்படித்தான். அது மனிதர்களின் வாயைப் பற்றிய ஊகம். நிலவைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. உண்மையின் பக்கம் நிற்கிறோம் என்பதற்காகக் கையில் கிடைத்ததையெல்லாம் சான்று என்று வீசக் கூடாது. அதை நீ இப்போதே பழகிக்கொள்.

சித்தம்பூண்டிக்கு வருவோம். அங்கே கிடைப்பது அனார்த்தோசைட் என்ற வெளிறிய பாறை. சுண்ணச்சத்து மிகுந்த பிளேஜியோகிளேஸ் கனிமம் நிறைந்தது. நிலவின் வெண்மையான மேட்டுநிலங்களும் இதே வகைப் பாறையால் ஆனவை. லேண்டரின் கால்களும் வண்டியின் சக்கரங்களும் அந்த மண்ணில் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்கத்தான் அது தேவைப்பட்டது. அந்த வேலைக்குத் துகளின் அளவும் உராய்வும் மொத்தச் சேர்மானமும் ஒத்திருந்தால் போதும். ஆனால் சித்தம்பூண்டிக் கல் நிலவுக் கல்லை ஒத்தது என்று இஸ்ரோவுக்கு எப்படித் தெரிந்தது? அப்போலோ கொண்டுவந்த கல்லோடு ஒப்பிட்டுத்தான். அசல் இருந்ததால்தான் நகல் செய்ய முடிந்தது. அந்த நகலும் கனிமவியல் படித்த ஒருவரின் நுண்ணோக்கி முன் ஒரு பகல் தாங்காது. சித்தம்பூண்டிப் பாறையில் ஹார்ன்பிளெண்ட் இருக்கிறது; அது தன் படிகக் கட்டமைப்புக்குள்ளேயே நீரின் கூறுகளைப் பிணைத்து வைத்திருக்கும் கனிமம். அந்தப் பாறை பூமிக்குள் புதைந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி, மீண்டும் மேலே வந்தது; அந்த வரலாறு முழுவதும் அதன் உடலில் எழுதியிருக்கிறது. அப்போலோ கற்களிலோ இரும்பின் ஒரு பகுதி துருப்பிடிக்காத உலோகத் துணுக்குகளாகவே கிடக்கிறது. நீரும் ஆக்சிஜனும் நிறைந்த நம் தரையில் பிறந்து வளர்ந்த கல்லுக்கு அது வாய்ப்பது மிக அரிது.

இப்போது நான் மிக விரும்பும் சான்றுக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேள். நிலவுக்குக் காற்றுப் போர்வை இல்லாததால் மணல் பருமனும் அதற்குக் குறைவுமான விண்துகள்கள் நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வந்து நேரடியாகக் கல்லில் மோதுகின்றன. மோதிய இடத்தில் பாறை உருகி, உள்ளே கண்ணாடி பூசிய நுண்குழி ஒன்று விழுகிறது. அப்போலோ கற்களின் வெளிமுகத்தில் இவை அம்மைத் தழும்புபோல் நிறைந்திருக்கின்றன. சிலவற்றைக் கண்ணாலேயே பார்க்கலாம், பலவற்றுக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். குழியைக்கூட ஆய்வகத்தில் செய்துவிடலாம் என்று ஒருவர் சொல்லக்கூடும். சரி, காஸ்மிக் கதிரை என்ன செய்வார்? அந்தக் கதிர் கல்லுக்குள் பாய்ந்து அணுக்களை உடைத்துப் புதிய கதிரியக்க அணுக்களை உண்டாக்குகிறது. அலுமினியம்-26-இன் அரை ஆயுள் ஏழு லட்சம் ஆண்டு, சோடியம்-22-க்கு 2.6 ஆண்டு, மாங்கனீசு-54-க்கு 312 நாள், கோபால்ட்-56-க்கு வெறும் 77 நாள். 1969-இல் ஹூஸ்டனில், வெளிக்கதிர் புகாதபடி நிலத்தடியில் கட்டிய அளவுக் கூடத்தில், வந்திறங்கிய கற்களை உடனே வைத்து அளந்தபோது நீண்ட ஆயுள் கொண்டவையும் குறுகிய ஆயுள் கொண்டவையும் சேர்ந்தே கிடந்தன. நீண்ட ஆயுள் அணுக்கள் இந்தக் கல் பல லட்சம் ஆண்டு திறந்தவெளியில் கிடந்தது என்கின்றன. குறுகிய ஆயுள் அணுக்கள் அது சில வாரங்களுக்கு முன்புவரை அங்கேதான் கிடந்தது என்கின்றன. அதோடு, சூரியனிலிருந்து வரும் வலுக்குறைந்த கதிர் மேற்பரப்பில் ஓரிரு சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும்; விண்மீன் வெளியிலிருந்து வரும் கதிர் ஆழம் போகும். ஆகவே ஒவ்வோர் அணுவும் ஆழத்துக்கு ஆழம் வேறு அளவில் இருக்க வேண்டும். கல்லின் எந்தப் பக்கம் வானத்தைப் பார்த்துக் கிடந்தது என்பதையும் அது காட்ட வேண்டும். இத்தனையும் அப்போலோ கற்களில் பொருந்துகின்றன. எந்தத் துகள்முடுக்கியை வைத்தாலும் பத்து லட்சம் ஆண்டு வெயிலை ஒரு கல்லுக்குள் இப்படி அடுக்கடுக்காக ஏற்ற முடியாது. இதை அளந்தவர்கள் அமெரிக்கர்கள் மட்டும் அல்லர். பம்பாயில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் தேவேந்திர லால் தலைமையில் இருந்த குழு அப்போலோ மாதிரிகளை வாங்கி, கதிர்கள் கனிமத்துக்குள் விட்டுச்சென்ற தடங்களை எண்ணியது. சோவியத் அறிஞர்கள் 1971-இல் தங்கள் லூனா 16 கொண்டுவந்த மண்ணில் கொஞ்சம் கொடுத்து அப்போலோ மண்ணை வாங்கினார்கள். பொய்யைக் கண்டுபிடிக்க அவர்களைவிட ஆசையும் திறமையும் உள்ளவர் அன்று வேறு யார்?

விண்கல்லைப் பொறுக்கியிருக்கலாமே என்பது அடுத்த ஆட்சேபம். அப்போலோ ராக்கெட்டை உருவாக்கிய வெர்னர் ஃபான் பிரௌன் 1967 தொடக்கத்தில் அண்டார்டிகாவில் இருந்தார் என்பது உண்மை. அங்கே நிலவிலிருந்து தெறித்துவந்த விண்கற்கள் கிடைக்கின்றன என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளைச் சேர்த்துக் கட்டியதால் மூன்றாவதும் உண்மையாகிவிடாது. நிலவிலிருந்து வந்தது என்று முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட விண்கல் அண்டார்டிகாவில் கிடைத்தது 1982-இல். அது நிலவுக் கல் என்பதும் அப்போலோ கற்களோடு ஒப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. தவிர, விண்கல் காற்றைக் கிழித்து வரும்போது அதன் மேல்தோல் உருகிப்போகிறது. நான் சொன்ன நுண்குழிகள் அந்தத் தோலோடு போய்விடும். ஆயிரக்கணக்கான ஆண்டு பனியில் கிடந்த கல்லில் கோபால்ட்-56 ஏது?

இதைவிட எனக்கு வியப்பானது ஒரு சிட்டிகை வெண்துகள்களின் கதை. அப்போலோ 11 இறங்கியது அமைதிக் கடல் என்ற கருஞ்சமவெளி. அங்கே பாறை பசால்ட், நிறம் கறுப்பு. கொண்டுவந்த மண்ணைச் சலித்தபோது நூற்றில் ஒருசில துகள்கள் மட்டும் வெள்ளையாக இருந்தன. வேறொருவர் அதைத் தூசு என்று ஒதுக்கியிருப்பார். ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகத்தின் ஜான் வுட்டும் துணைவர்களும் ஒதுக்கவில்லை. இவை அனார்த்தோசைட், தொலைவிலுள்ள மேட்டுநிலத்திலிருந்து தெறித்து வந்து விழுந்தவை, அப்படியானால் மேட்டுநிலம் முழுவதும் இதே பாறை, எடைகுறைந்த இந்தக் கனிமம் நிலவின் மேல்தோலாகத் திரண்டிருக்கிறது என்றால், ஆதியில் நிலவு உருகிய பாறைக்கடலாக இருந்திருக்க வேண்டும், இது அதன்மேல் பாலாடைபோல் மிதந்து உறைந்திருக்க வேண்டும் என்று 1970 ஜனவரியில் ஹூஸ்டன் மாநாட்டில் சொன்னார்கள். கைப்பிடி மண்ணிலிருந்து ஒரு கோளத்தின் பிறப்பு! அதற்குப் பிறகு 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 தென்பாதியில் ஏறத்தாழ 69 பாகையில் இறங்கியது. எந்த அப்போலோவும் எட்டாத இடம். பிரக்யான் வண்டி ஏறக்குறைய 103 மீட்டர் ஊர்ந்து 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தார் 2024-இல் வெளியிட்ட முடிவு, அங்கேயும் அனார்த்தோசைட் வகை மண்ணே என்றது. பாறைக்கடல் கருத்துக்கு வலுச் சேர்த்தது. யோசித்துப் பார் தம்பி. 1969-இல் ஒருவர் போலி மண் தயாரித்தார் என்றால், கறுப்பு மண்ணில் சரியான விகிதத்தில் வெண்துகளைக் கலக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னது? ஐம்பத்து நான்கு ஆண்டு கழித்து இந்தியா எங்கே இறங்கும், அங்கே என்ன கிடைக்கும் என்று யார் சொன்னது? போலி செய்கிறவருக்கு அன்றைக்குத் தெரிந்தது மட்டுமே தெரியும். கல்லுக்கோ எதிர்காலத்தில் கேட்கப்போகும் கேள்விகளுக்கும் விடை தெரிந்திருக்கிறது.

ஆட்சேபங்களில் மதிக்கத்தக்கது ஒன்றுதான்: கல் உண்மை, ஆனால் இயந்திரம் எடுத்து வந்தது. சோவியத் லூனா 16 அதைச் செய்து காட்டியதே! செய்தது, 101 கிராம். மூன்று லூனாக்களும் சேர்ந்து கொண்டுவந்தது அரைக் கிலோவுக்கும் குறைவு. 2020-இல் சீனத்தின் சாங்கே 5, அரை நூற்றாண்டு வளர்ந்த நுட்பத்தோடு போய் 1,731 கிராம் கொண்டுவந்தது. அப்போலோ ஆறு முறை இறங்கிக் கொண்டுவந்தது 382 கிலோ; அதில் ஒரே கல் 11.7 கிலோ, இரண்டு மூன்று மீட்டர் ஆழத்துக்குத் துளைத்தெடுத்த மண்தண்டுகளும் உண்டு. எடை போதவில்லை என்றால் சர்வேயர் 3-ஐப் பார். 1967 ஏப்ரலில் நிலவில் இறங்கி அங்கேயே நின்ற ஆளில்லா விண்கலம் அது. 1969 நவம்பரில் அப்போலோ 12 அதற்கு இருநூறு மீட்டருக்கும் குறைவான தூரத்தில் இறங்கியது. அதன் வீரர்கள் கான்ராடும் பீனும் சர்வேயரிடம் நடந்துபோய் அதன் கேமராவையும் சில குழாய்களையும் வெட்டியெடுத்து வந்தார்கள். எப்போது தயாரித்தோம், எப்போது அனுப்பினோம் என்று நாள்கணக்காகத் தெரிந்த உலோகம் அது. முப்பத்தொரு மாதம் நிலவு வெயிலில் நின்ற அடையாளத்தோடு திரும்பியது. அன்றைய எந்த இயந்திரக் கையும் இன்னொரு கலத்தின் அருகில் போய்க் குழாயை வெட்டிக்கொண்டு வந்ததில்லை. 2009-இல் ஏவிய எல்ஆர்ஓ என்ற நிலவுச் சுற்றுக்கலம் எடுத்த படங்களில் அந்த இருவர் நடந்த தடம்கூடத் தெரிகிறது.

நெதர்லாந்து அருங்காட்சியகத்து "நிலவுக் கல்" போலி என்று தெரியவந்ததே என்றும் உன்னிடம் சொல்வார்கள். முன்னாள் பிரதமர் வில்லெம் டிரேஸின் உடைமைகளோடு வந்த அந்தக் கல், 2009-இல் சோதித்தபோது கல்லாய்ச் சமைந்த மரம் என்று தெரிந்தது. அதுவரை யாரும் அதைச் சோதிக்கவில்லை. சோதித்ததும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. அப்போலோ மாதிரிகளையோ ஐம்பது ஆண்டுக்கு மேலாக விடாமல் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். அவற்றில் நீர் அறவே இல்லை என்றுதான் முதலில் எழுதினார்கள். 2008-இல் பிரௌன் பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட்டோ சால் குழுவினர் அதே மாதிரிகளிலிருந்த எரிமலைக் கண்ணாடி மணிகளில் பத்து லட்சத்தில் சில பங்கு நீர் இருப்பதைக் கண்டார்கள். "முதலில் இல்லை என்றார்கள், இப்போது உண்டு என்கிறார்கள்" என்று இதைக் குற்றமாகச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. 1969-இன் கருவிக்கு எட்டாத நுண்ணளவு அது. கல் மாறவில்லை, கருவிதான் கூர்மையானது. இந்தக் கூர்மை வரும் என்று அவர்கள் அன்றே எதிர்பார்த்தும் இருந்தார்கள். 1972 டிசம்பரில் அப்போலோ 17 எடுத்த ஒரு மண்குழாயை வெற்றிடத்தில் மூடி முத்திரையிட்டு, யாரும் தொடக் கூடாது, பிறகு வரும் நல்ல கருவிகளுக்காக என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அதைத் திறந்தது 2022-இல். திறந்தவர்களில் பலர் அந்தக் குழாய் மூடப்பட்டபோது பிறந்திருக்கவே இல்லை.

உன் கல்லூரி நிலவியல் துறையில் சித்தம்பூண்டிக் கல்லின் மெல்லிய சீவல் நிச்சயம் இருக்கும். ஒளிமுனைவு நுண்ணோக்கியில் வைத்து, தட்டைத் திருப்பித் திருப்பிப் பார். பச்சையிலிருந்து பழுப்புக்கு நிறம் மாறும் கனிமம்தான் ஹார்ன்பிளெண்ட். நூறு பங்கில் எத்தனை பங்கு அது என்று எண்ணி எனக்கு எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்