தீமையிலிருந்து மீட்பு

இயேசு தம் சீடர்களுக்குக் கற்பித்த பிரார்த்தனை மத்தேயு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தில் உள்ளது. தீமையிலிருந்து தங்களைக் காக்குமாறு இறைவனிடம் வேண்டுவது அதன் ஒரு பகுதி. பெங்களூரை அடுத்த சந்தாபுராவாக இருந்தாலும் திருநெல்வேலிச் சீமையாக இருந்தாலும், தமிழ்க் கிறிஸ்தவர்கள் வழிபாட்டில் இதைச் சொல்கிறார்கள். இங்கு வரும் மூல கிரேக்கச் சொல்லுக்குத் ‘தீமை’ என்றும் ‘தீயவன்’ என்றும் இருவகையாகப் பொருள் கொள்ள இடமுண்டு.

கொலோசெ நகரத்தாருக்கு எழுதப்பட்ட புதிய ஏற்பாட்டு நிருபமோ, இருளின் ஆளுகையிலிருந்து பெற்ற விடுதலையை ஏற்கெனவே நடந்து முடிந்த செயலாகக் கூறுகிறது. விடுதலை கிடைத்துவிட்டது என்றால் அதை நாள்தோறும் ஏன் கேட்க வேண்டும்?

ஒரு தமிழ்க் காப்பியம்

இக்கேள்வியைச் சிந்திக்கத் தமிழிலேயே ஒரு நூல் உள்ளது. நெல்லை மாவட்டத்துக் கரையிருப்பில் 1827-இல் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. கம்பராமாயணத்தில் தோய்ந்த சூழலில் வளர்ந்த அவர், சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றினார். 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ‘மோட்சப் பிரயாணம்’ என்னும் ஆங்கில உருவகக் கதையைத் தழுவி, ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற பெருங்காப்பியத்தை அவர் இயற்றினார். 1894-இல் நூலாக வெளிவந்த இக்காப்பியம் ஐந்து பருவங்களைக் கொண்டது. அவரைக் ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்று தமிழுலகம் போற்றுகிறது.

பனியனின் கதையில், அழிவின் நகரத்தை விட்டுப் புறப்படும் யாத்திரிகன் முதுகில் ஒரு பெருஞ்சுமையைத் தாங்கிச் செல்கிறான். அவன் சிலுவையின் அருகே வந்ததும் சுமை தானாகவே அவிழ்ந்து விழுகிறது; உருண்டோடி ஒரு கல்லறைக்குள் மறைந்துவிடுகிறது. அதை அவன் தன் கையால் அவிழ்க்கவில்லை. ஆயினும் கதை அங்கு முடியவில்லை. பயணத்தின் பெரும்பகுதி அதன் பின்னரே தொடங்குகிறது.

பழைய எஜமானனின் உரிமை

தாழ்மைப் பள்ளத்தாக்கில் அப்பொல்லியோன் என்ற கொடிய உருவம் அவனை வழிமறிக்கிறது. ‘நீ என் நாட்டில் பிறந்தவன், என் குடிமகன்’ என்பது அதன் வாதம். யாத்திரிகன் தான் வேறோர் அரசனுக்கு உரியவனாகிவிட்டதாகச் சொல்கிறான். அப்பொல்லியோன் உடனே அவனுடைய தவறுகளையும் தடுமாற்றங்களையும் ஒவ்வொன்றாகப் பட்டியலிடுகிறது. அவன் எதையும் மறுப்பதில்லை. விட்டுப்போனவையும் பல உண்டு என்றே ஒப்புக்கொள்கிறான். ஆனால் தன் அரசன் மன்னிப்பவர் என்பதை மட்டும் அவன் விட்டுக்கொடுப்பதில்லை. பின்னர் நடக்கும் கடும்போரில் அவன் காயமடைகிறான், கைவாளும் நழுவுகிறது. மீண்டும் அதை எட்டிப் பிடித்தே அவன் வெல்கிறான்.

நாம் எழுப்பிய கேள்விக்கான விடை இங்கே கிடைக்கிறது. எஜமானன் மாறிவிட்டான், அது முடிந்த செயல். பழைய எஜமானன் இழந்த உரிமையைத் திரும்பத் திரும்பக் கோருகிறான். ஆகவே பிரார்த்தனை தினமும் தேவைப்படுகிறது. மீட்பு இறைவனின் அருள். அந்த அருளைப் பற்றி நடப்பது மனிதனின் கடமை.

நாம் காணவேண்டியது

1882 அக்டோபர் 27-ஆம் நாள் கேசவ சந்திர சேனரிடம் உரையாடுகையில் ஸ்ரீராமகிருஷ்ணர் ஒரு கிறிஸ்தவ நூலைப் பற்றிக் குறிப்பிட்டார். தொடக்கம் முதல் முடிவு வரை பாவத்தைப் பற்றியே அது பேசுகிறது என்றார். தன்னைப் பாவி என்று ஓயாமல் எண்ணுபவன் பாவியாகவே ஆகிவிடுகிறான் என்பது அவர் கருத்து. இறைநாமத்தைச் சொன்ன பின்னும் பாவம் தன்னைப் பற்றி நிற்க முடியுமா என்ற உறுதி வேண்டும் என்று அவர் போதித்தார்.

யாத்திரிகனின் மறுமொழியும் இந்த உறுதியைச் சார்ந்ததே. அவன் தன் குற்றங்களை மறைக்கவில்லை. அவற்றிலேயே தங்கிவிடவும் இல்லை. பாவத்தை நினைவூட்டிக்கொண்டே இருப்பது அப்பொல்லியோன்தான், அரசன் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதனால் இரு தரிசனங்களும் ஒன்று என்று கூறிவிட முடியாது. அத்வைத வேதாந்தம் தீமையின் வேரை அவித்யையில் காண்கிறது; ஞானத்தால் அது நீங்குகிறது. கிறிஸ்தவமோ தீமையைப் படைக்கப்பட்ட சித்தம் இறைவனுக்கு எதிராகத் திரும்பியதாகக் காண்கிறது. அதை வெல்ல இறைவனே இறங்கி வருகிறார் என நம்புகிறது. ஆயினும் தீமை இறைவனுக்கு நிகரான ஆதிசக்தி அல்ல என்பதில் இரண்டும் உடன்படுகின்றன. முதலையிடம் சிக்கிய கஜேந்திரனின் கூக்குரலை அறிந்த வைணவ மரபிலிருந்து வந்தவர் கிருஷ்ண பிள்ளை. அருளால் மீட்பு என்ற கருத்து அவருக்கு அந்நியமாக இருந்திருக்க முடியாது.

பல ஆண்டுகள் ஜபமும் தியானமும் செய்த பின்னும், விட்டுவிட்டதாக நினைத்த கோபமோ ஆசையோ ஒருநாள் திரும்பி வந்து, ‘நீ மாறவே இல்லை’ என்று சாதகனிடம் சொல்லக்கூடும். சாதனையையே கைவிடும் ஆபத்து அப்போதுதான் மிகுதி. அத்தருணத்தில் செய்த தவறை மறுக்க வேண்டாம். அதன் தீர்ப்பை ஏற்கவும் வேண்டாம். தான் யாருக்கு உரியவன் என்பதை நினைவுகூர்ந்து, நழுவிய வாளாகிய இறைநாமத்தை மீண்டும் பற்றிக்கொள்வதே அவன் செய்யவேண்டியது.