சிப்பிகளும் களப்பு நீரின் தரமும்

மாணவர்களே, நமது மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. ஆனால் அது கடலைச் சந்திப்பது பாலமீன்மடு, கல்லாறு ஆகிய இரு இடங்களில் மட்டுமே. முகத்துவாரம் மணலால் அடைபடும் காலத்தில் நீரோட்டம் குறையும். படுவான்கரை வயல்களிலிருந்து வரும் பசளையும் குடியிருப்புகளின் கழிவும் வாவியிலேயே தங்கும். இதனால் ஏற்படக்கூடிய விளைவு நற்போசணையாக்கம் ஆகும். இதனை ஒழுங்குமுறையாக எழுதப் பழகுங்கள்:

நைதரசன், பொசுபரசு அதிகரித்தல் → அல்காக்கள் பெருகுதல் → அவை இறந்து பற்றீரியாக்களால் பிரிகையடைதல் → கரைந்த ஒட்சிசன் குறைதல் → மீன்கள் இறத்தல்.

மீன் இறந்தால் வாவியை நம்பியுள்ள குடும்பத்தின் வருமானமும் போய்விடும்.

சிப்பி செய்யும் பணி

1. சிப்பி தன் பூக்களிலுள்ள பிசிர்களால் நீரை உள்ளிழுத்து, பிளாந்தன்களை வடித்து உண்ணும். உண்ணாத துணிக்கைகளைச் சீதத்தால் பிணைத்து அடியில் விடும். சாதகமான நிலையில் வளர்ந்த சிப்பியொன்று நாளொன்றுக்கு 190 லீற்றர் வரை வடிக்கலாம். வழமையில் இவ்வளவு இராது.
2. நீர் தெளிவதால் அடியிலுள்ள கடற்புல்லுக்கு ஒளி கிடைக்கும்.
3. அடிமண்ணிலுள்ள பற்றீரியாக்கள் நைதரசனின் ஒரு பகுதியை வாயுவாக மாற்றும். இது நைதரசனிறக்கம் எனப்படும்.
4. சிப்பித் திட்டுகள் அலையின் வேகத்தைத் தணிக்கும். மீன்குஞ்சுகளுக்கும் நண்டுகளுக்கும் ஒதுக்கிடமாகும்.

உதாரணங்கள்

ஐக்கிய அமெரிக்காவின் செசப்பீக் குடாவில் முற்காலச் சிப்பிகள் குடா நீர் முழுவதையும் ஒரு வாரத்துக்குள் வடித்திருக்கும் என்றும், எஞ்சியவற்றுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் தேவை என்றும் 1988 இல் மதிப்பிடப்பட்டது. தூத்துக்குடியில் 1970களில் சிப்பி வளர்ப்பு முறைகள் ஆராயப்பட்டன. நமது நாட்டில் புத்தளம் மாவட்டத்தின் கங்கேவாடியவில் சிறிய அளவில் சிப்பி வளர்க்கப்பட்டுள்ளது. சிப்பிக்குத் தனியாகத் தீனி இடத் தேவையில்லை. அறுவடையின்போது அதன் உடலில் சேர்ந்த நைதரசனும் நீரைவிட்டு வெளியேறும்.

கவனிக்க!

"சிப்பி வளர்த்தால் வாவி சுத்தமாகிவிடும்" என்று பலர் எழுதிப் புள்ளிகளை இழக்கின்றனர். பின்வருவனவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.

• நெருக்கமாக வளர்த்தால் அடியில் கழிவு சேர்ந்து ஒட்சிசன் குறையும்.
• வடகீழ்ப் பருவமழையின்போது உவர்த்தன்மை நீண்ட நாட்கள் தாழ்ந்திருந்தால் சிப்பிகள் இறக்கும்.
• மலக்கழிவு கலந்த நீரிலுள்ள நோய்க்கிருமிகள் சிப்பியில் சேரும். அதனை உண்பவர் நோயுறலாம்.

ஆகவே கழிவு வாவியில் சேரும் இடத்திலேயே அதைத் தடுப்பதுதான் முதற்படி. சிப்பி அதற்குத் துணையாகலாம், மாற்றாகாது.

பயிற்சி வினா

களப்பொன்றில் சிப்பி வளர்ப்பதால் நீரின் தரத்துக்கு ஏற்படும் நன்மைகள் இரண்டையும், வளர்ப்புக்கு முன் ஆராய வேண்டிய காரணிகள் இரண்டையும் விளக்குக.

விடை எழுதிய பின் ஒருநாள் வாவிக்கரைக்குப் போய்ப் பாருங்கள். பாலத்தூணிலோ கண்டல் வேரிலோ சிப்பி ஒட்டியிருந்தால், நீங்கள் எழுதிய பாடம் அங்கே நடந்துகொண்டிருக்கும்.