ஆட்டத்தைத் திருத்தி நிரல் பயிலல்

ஆடுபுலி ஆட்டம் நீங்கள் அறிந்ததே. 3 புலிகளும் 15 ஆடுகளும் கொண்டு அதனை ஆடுவர். ஆடுகளை 12 ஆகக் குறைத்துப் பாருங்கள். கோடுகள் அவையே, காய்கள் அவையே, ஆயினும் ஆட்டம் வேறாகிவிடும். கணிப்பொறி ஆட்டத்திலும் இங்ஙனம் விதியை மாற்றலாம். அதனை 'மாடிங்' என்பர். முழு ஆட்டத்தையும் எழுதப் பல்லாண்டு உழைப்பு வேண்டும். பிறர் எழுதியதில் ஓர் எண்ணை மாற்ற ஒரு மாலைப்பொழுது போதும். நிரல் பயில்வார்க்கு இதனினும் இனிய வாயில் வேறில்லை என்பது என் கருத்து.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையில் பயிலும் மாணவி ஒருத்தி இதனைத் தொடங்க விரும்புகின்றாள் எனக் கொள்வோம். அவளுக்கு ஏற்றது 'லுவாண்டி'. கனசதுரக் கட்டிகளால் உலகம் சமைக்கும் இதனைப் பின்லாந்து நாட்டவராகிய பெர்ட்டு அஹோலா 2010இல் 'மைன்டெஸ்ட்' என்னும் பெயரில் தொடங்கினார். 2024இல் இப்பெயர் பெற்றது. கட்டணம் இல்லை. இதனையும் இதன்மேல் ஏற்றும் ஆட்டம் ஒன்றையும் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால், இணையம் எட்டாத மலையூரிலும் இயங்கும். மாற்றங்களை 'லுவா' என்னும் மொழியில் எழுதுவர். 1993இல் பிரேசில் நாட்டு ரியோ நகரில் பிறந்த அம்மொழியின் பெயருக்கு நிலவு என்பது பொருள்.

ஆட்டக்காரர் உலகினுள் நுழைந்ததும் அவர் தாவும் திறனை 2 ஆக்குக என மூன்று வரிகளில் அவள் ஆணை எழுதுகின்றாள். இயல்பான அளவு 1. ஆனால் உலகம் திறக்கவில்லை. திரையில் பிழைச் செய்தி ஒன்று தோன்றுகின்றது. பலர் இவ்விடத்தில் மனம் தளர்ந்து எழுந்துவிடுவர். அச்செய்தியைப் பொறுமையுடன் படித்தல் வேண்டும். எந்தக் கோப்பில், எந்த வரியில் இடர்ப்பாடு என்பதை அது சுட்டும். 'எண்ட்' என்னும் சொல் விடுபட்டதையும் கூறும். லுவாவில் தொடங்கிய செயற்கூறு ஒவ்வொன்றும் அச்சொல்லால் முடிதல் வேண்டும். அவள் அதனைச் சேர்த்து மீண்டும் நுழைகின்றாள், தாவுகின்றாள்.

இரு மடங்கு உயரத்தை எதிர்பார்த்தவள் ஏறக்குறைய நான்கு மடங்கு உயர்ந்து திகைக்கின்றாள்! இது பிழையன்று. அவ்வெண் மாற்றியது உயரத்தையன்று, மேலெழும் வேகத்தையே. மேல்நோக்கி எறிந்த பொருள் எட்டும் உயரம் தொடக்க வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது இயற்பியற் பாடம் அன்றோ? இரு மடங்கு உயரமே வேண்டின் 1.41 என இட்டுப் பாருங்கள். ஈர்ப்பின் அளவையும் ஆறில் ஒரு பங்காக்கின், நிலவில் தாவுவது போலாகும்.

அடுத்து, தன் மலையில் விளையும் சாமையை அவ்வுலகில் விதைக்க அவள் விரும்புகின்றாள். பிறர் வரைந்த படத்தை எடுத்தாளின் அவர்தம் உரிமத்தைப் படித்து, அதன்படி நடத்தல் வேண்டும். எல்லா ஆட்டங்களும் மாற்றத்திற்கு இசைவு தருவனவும் அல்ல. ஆதலின் படத்தை அவளே வரைகின்றாள். நெடுக்கில் 16, குறுக்கில் 16, ஆக 256 கட்டங்கள். சாமைக் கதிரின் வளைவை அவற்றுள் அடக்குவதுதான் அவளுக்குப் பெரும்பாடாய் இருக்கின்றது.