இறக்கத்தில் பிடித்த பிஸ்டன்



தெர்மல் பாடத்தில் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் படத்தை நாம் எல்லோருமே வரைந்து மார்க் வாங்கியிருக்கிறோம். இன்லெட் போர்ட், டிரான்ஸ்பர் போர்ட், எக்ஸாஸ்ட் போர்ட் என்று அம்புக்குறி போட்டுக் காட்டுவோம். ஆனால் அந்தப் படத்தில் ஆயில் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. இந்தக் கட்டுரை அந்த ஆயிலைப் பற்றியது. யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியை வைத்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஓடுவது அதுதான். அதை நம்பித்தான் வீடும் ஓடுகிறது.

ஆர்.எக்ஸ். 100 பற்றித் தெரியாதவர் நம் காலேஜில் இருக்க மாட்டார்கள். எஸ்கார்ட்ஸ் கம்பெனியோடு யமஹா சேர்ந்து 1985-ல் கொண்டுவந்து 1996-ல் நிறுத்திய வண்டி. போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 50 மி.மீ. நம்ம ஃபார்முலாவில் போட்டுப் பாருங்கள், 98 சி.சி. சரியாக வரும். இந்தச் சின்ன எஞ்சின் 7500 ஆர்.பி.எம்.மில் 11 பி.எச்.பி. தருகிறது. 100 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான வண்டிக்கு அது போதும் போதும்னு இருக்கும். இன்றைக்கு சினிமா மோகத்தில் ஆளாளுக்கு விலை கேட்கிறார்கள். எங்க அப்பா வாங்கும்போது அது வெறும் பழைய வண்டி, அவ்வளவுதான்.

அப்பா துணி வியாபாரி. நைட்டி, பாவாடை, சின்னப் பிள்ளைகள் துணி எல்லாவற்றையும் மூட்டையாகப் பின்னால் கட்டிக்கொண்டு சந்தை சந்தையாகப் போவார். வருஷக்கணக்கில் சமதரையிலேயே ஓட்டினார், வண்டி ஒரு தொந்தரவும் தரவில்லை. கீழே வியாபாரம் படுத்த பிறகுதான் இரண்டு வருஷமாகக் காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறி, சோளக்காடு பக்கம் விற்றுவிட்டு இறங்குகிறார். அந்தப் பாதையில் கொண்டை ஊசி வளைவு மட்டும் 70.

மலை ஏற ஆரம்பித்து ஒரு வருஷத்துக்குள் பிஸ்டன் இரண்டு முறை சீஸ் ஆனது. இரண்டாவது முறை வளைவுக்குள்ளேயே பின் சக்கரம் பூட்டிக்கொண்டு, அப்பா சறுக்கி விழுந்து, மூன்று வாரம் சந்தைக்குப் போகவில்லை. மூன்று வாரம் சந்தை இல்லை என்றால் எங்கள் வீட்டில் என்ன ஆகும் என்பதை நம்மில் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் ஒர்க்ஷாப்பில் சொன்னது ஒன்றுதான்: "லோடு ஜாஸ்தி, மலையேத்தம், எஞ்சின் சூடாகுது. போர் போட்டுட்டா சரியாயிடும்." முதலில் 0.25, அடுத்து 0.50. கடையில் ஓவர்சைஸ் பிஸ்டன் 1.00 வரைக்கும்தான். இன்னும் இரண்டு தடவை பிடித்தால் அதற்கப்புறம் ஸ்லீவ் மாற்ற வேண்டும். ஒரு தடவை போர் போட்ட செலவு என்னுடைய ஒரு செமஸ்டர் பரீட்சைக் கட்டணமும் புத்தகமும் சேர்ந்ததைவிட அதிகம்.

மெக்கானிக் அண்ணன் கை வேலை சுத்தம், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சொன்ன காரணம் எனக்கு ஒத்துவரவில்லை. அப்பா எதேச்சையாகச் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை யோசிக்க வைத்தது. "ஏறும்போது ஒண்ணும் ஆகல கண்ணு. மூட்டை காலியாகி இறங்கும்போதுதான் புடிக்குது."

லோடுதான் காரணம் என்றால் ஏற்றத்தில் அல்லவா பிடித்திருக்க வேண்டும்?

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் கிராங்க் கேஸுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும், பம்ப் அதை எடுத்து மேலே அனுப்பும். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் வழியாகத்தான் பெட்ரோல் கலவையே போகிறது. அங்கே ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. கியர் பாக்ஸில் ஊற்றுகிற ஆயில் தனி அறை, அது பிஸ்டனைத் தொடவே தொடாது. (இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் மூன்றாம் ஆண்டிலும் இருக்கிறார்கள்!) ஆகவே பிஸ்டன், கனெக்டிங் ராடின் இரண்டு முனை, கிராங்க் பேரிங் எல்லாவற்றுக்கும் கலவையோடு கலந்து வருகிற 2டி ஆயில் மட்டும்தான் கதி.

அந்த ஆயில் இரண்டு வழியில் வரலாம். ஒன்று, பெட்ரோல் டேங்கிலேயே கலந்து ஊற்றுவது. இன்னொன்று, தனி ஆயில் டேங்கும் பம்ப்பும். யமஹா இதற்கு ஆட்டோலூப் என்று பெயர் வைத்து 1964-ல் ஒய்.ஏ. 6 வண்டியில் கொண்டுவந்தது. ஆர்.எக்ஸ். 100-ல் இருப்பதும் அதே முறைதான். பம்ப்பை எஞ்சினே சுற்றுகிறது; ஆக்ஸிலரேட்டர் கேபிளின் ஒரு கிளை பம்ப்புக்கும் போகிறது. எஞ்சின் வேகத்துக்கும் முறுக்குகிற அளவுக்கும் ஏற்ற மாதிரி ஆயில் இறங்கும்.

எங்கள் வண்டியின் வலது பக்கம் பம்ப் மேல் உள்ள சின்னக் கவரைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பம்ப் இல்லை! தகடு வெட்டி அடைத்திருந்தார்கள். ஆயில் டேங்க் ஹோஸின் வாயில் ஒரு போல்ட். அப்பாவுக்கு முன்னால் வைத்திருந்தவர் யாரோ பம்ப்பைக் 'கட்' பண்ணியிருக்கிறார். பம்ப் பழசாகி ஒழுகினால் நம்ம ஊரில் பலரும் செய்வது இதுதான். அப்பாவும் வாங்கின நாளிலிருந்து, சொல்லிக்கொடுத்தபடி, லிட்டருக்கு 25 மில்லி கலந்துதான் ஊற்றிக்கொண்டிருந்தார். அதாவது 40-க்கு 1. அளவில் தப்பே இல்லை.

அப்புறம் ஏன் பிடித்தது? இறக்கத்தில் அப்பா செகண்ட் கியரில் போட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க விட்டுவிட்டு, எஞ்சின் பிடிமானத்திலேயே இறங்குவார். பிரேக் சூடாகாமல் இருக்க அதுதான் சரியான முறை. ஆனால் ஆக்ஸிலரேட்டர் மூடியிருந்தால் கார்புரேட்டரில் பைலட் ஜெட் வழியாகத் துளி பெட்ரோல்தான் போகும். பெட்ரோல் துளி என்றால் அதில் கலந்த ஆயில் துளியிலும் துளி. எஞ்சினோ சக்கரம் தள்ளுகிற தள்ளில் வேகமாகச் சுற்றுகிறது. 5000 ஆர்.பி.எம். என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு பிஸ்டன் 50 மி.மீ. மேலே, 50 மி.மீ. கீழே. ஒரு நிமிஷத்துக்கு 500 மீட்டர்! அரைக் கிலோமீட்டர் தூரம் கிட்டத்தட்ட வறட்டு உரசல். பிஸ்டன் அலுமினியம், போர் வார்ப்பிரும்பு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 50 மி.மீ. பிஸ்டன் 100 டிகிரி சூடு ஏறினால் 0.1 மி.மீ. பெருக்கும், போர் அதில் பாதிதான். இடைவெளியே அந்த அளவுக்குத்தான் இருக்கிறது. அதில் ஆயில் படலமும் இல்லை என்றால் பிடிக்காமல் என்ன செய்யும்?

பம்ப் இருந்தால் கதை வேறு. ஆக்ஸிலரேட்டர் மூடியிருந்தாலும் எஞ்சின் சுற்றுகிற வரை பம்ப்பும் சுற்றும், குறைந்த அளவாவது ஆயில் வந்துகொண்டே இருக்கும். சமதரையில் ஓட்டுகிறவர்களுக்குக் கலந்து ஊற்றுவதே போதும் என்பது என் கருத்து, அப்பாவின் பழைய வருஷங்களே அதற்குச் சாட்சி. மலைக்குப் போகிறவர்களுக்குப் பம்ப் வேண்டும்.

இதை ஒர்க்ஷாப்பில் சொன்னபோது அண்ணன் சிரித்தார். "படிச்ச பையன் பேசுறான்" என்றார். அதைவிடக் கஷ்டம் அப்பாவை நம்ப வைப்பது. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான், ஆனால் முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்தவர் சொல்வதா, பதினெட்டு வயசுப் பையன் சொல்வதா? கழற்றின பழைய பிஸ்டனை எடுத்து வந்து காட்டினேன். சூட்டினால் மட்டும் பிடித்தால் கீறல் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் பக்கம் இருக்கும். எங்கள் பிஸ்டனில் பாவாடைப் பகுதி சுற்றிலும் கீறல், தொட்டால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கே ஒட்டவில்லை. அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, போட்டுத்தான் பாப்போம்" என்றார்.

பம்ப் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. மாட்ட நினைக்கிறவர்களுக்குச் சில விவரம். கவர் ஸ்க்ரூக்கள் வருஷக்கணக்கில் இறுகியிருக்கும். சாதா ஸ்க்ரூ டிரைவரால் முறுக்கினால் தலை தேய்ந்து போகும். சுத்தியலால் அடித்துத் திருப்புகிற இம்பாக்ட் டிரைவரை லேபில் கேட்டு வாங்குங்கள். கவருக்குள் பம்ப்பைச் சுற்றுகிற கியர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சில வண்டிகளில் அதையும் கழற்றியிருப்பார்கள். கேபிள், பம்ப்புக்குக் கிளை உள்ளதாக இருக்க வேண்டும். ஹோஸ் புதிது போடுங்கள், பழைய ஹோஸில் கஞ்சத்தனம் வேண்டாம்.

முக்கியமானது காற்று எடுப்பது. ஆயில் டேங்கை நிரப்பி, பம்ப்பில் உள்ள பிளீட் ஸ்க்ரூவைத் திறந்து, குமிழி இல்லாமல் ஆயில் வரும் வரை விட்டு மூடுங்கள். பம்ப்பிலிருந்து இன்டேக் பக்கம் போகிற டியூபிலும் காற்று இருக்கும். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பம்ப் கேபிளை மட்டும் கையால் முழுக்க இழுத்துப் பிடித்தால் அதுவும் போய்விடும். இத்தனையும் முடிந்தாலும் முதல் டேங்க் பெட்ரோலில் வழக்கம்போல ஆயில் கலந்தே ஊற்றுங்கள். புகை அதிகம் வரும், வரட்டும். பம்ப் கப்பியில் ஒரு குறி, அதன் எதிரே ஒரு பின் இருக்கும். ஆக்ஸிலரேட்டர் எந்த நிலையில் இரண்டும் நேராக வர வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், சர்வீஸ் மேனுவலைப் பார்த்துத்தான் கேபிளை இழுக்க வேண்டும். கண்ணளவு கூடாது.

பம்ப் வேலை செய்கிறதா என்று தெரிய, ஆயில் டேங்கை விளிம்பு வரை நிரப்பிவிட்டு 100 கிலோமீட்டர் ஓட்டி, ஊசி இல்லாத சிரிஞ்சால் மறுபடி விளிம்பு வரை ஊற்றினேன். எத்தனை மில்லி உள்ளே போனது, எத்தனை லிட்டர் பெட்ரோல் தீர்ந்தது என்று அப்பாவின் கடன் நோட்டின் பின்பக்கம் எழுதி வைத்தேன். இப்போதும் மாதம் ஒரு தடவை எழுதுகிறோம். பம்ப் மாட்டி ஒன்பது மாதம், வாரம் இரண்டு நாள் மலை, அதே 0.50 பிஸ்டன்தான் ஓடுகிறது.

பம்ப் இல்லாமல் மலையில் மாட்டிக்கொண்டவர்கள், இறங்கும்போது அடிக்கடி கிளட்சைப் பிடித்து ஒரு தடவை ஆக்ஸிலரேட்டரை முறுக்கி விடுங்கள். ஆயில் கலந்த பெட்ரோல் ஒரு வாய் உள்ளே போகும். நியூட்ரலில் மட்டும் இறங்கவே கூடாது. எஞ்சின் 'கிர்ர்' என்று இழுக்கிற மாதிரி தெரிந்தால் உடனே கிளட்சைப் பிடியுங்கள், சக்கரம் பூட்டாது. இடது கையில் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேலேயே இருக்கட்டும் என்று அப்பாவிடம் சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டேன்.

ஆயில் சரியாக இருந்தும் பிடித்தால் கிராங்க் சீலைப் பாருங்கள். இடது பக்கம் மேக்னெட்டோ சீல் விறைத்துப் போனால் காற்றை இழுக்கும். ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்காமல் தொங்கும். வலது கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலைக் குடிக்கும். புகை வெள்ளையாகக் கொட்டும், கியர் ஆயில் குறையும். இன்னொன்று, 2025-ல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது. எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் பழைய ஜெட் செட்டிங்கில் கலவை கொஞ்சம் மெலியும், பழைய ரப்பர் ஹோஸும் ஊறிப் போகும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: காப்பி நிறம் நல்லது, சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் கார்புரேட்டரைக் கவனிக்க வேண்டும்.

பம்ப்பின் உள்ளே பிளஞ்சர் எப்படி நகர்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: அதே பழைய இரும்புக் கடையில் வாங்கின உடைந்த பம்ப் ஒன்றை அரத்தால் அறுத்துத் திறந்து வைத்திருக்கிறேன். ஃபிட்டிங் ஷாப் ஜன்னல் ஓரம் இருக்கிறது, எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வையுங்கள்.