பல் பிடுங்கப் பயமா?

போன மாசம் என் கடைவாய்ப் பல் சொத்தையாகிவிட்டது. பிடுங்கணும் என்றதும், "என்னைத் தூங்க வச்சுடுங்க டாக்டர்" என்று அழுதேன். அவர் பொறுமையாக மூன்று வழிகளைச் சொன்னார்.

1. மரத்துப்போகும் ஊசி: லிக்னோகெயின் மருந்து. அந்த இடத்து நரம்பு வலியை மூளைக்குச் சொல்லாது. நாம் விழித்தே இருப்போம்.

2. சிரிப்பூட்டும் வாயு: பாடத்தில் படித்த நைட்ரஸ் ஆக்சைடுதான்! ஆக்சிஜனோடு கலந்து மூக்கு வழியாகத் தருவார்கள். பயம் குறையும். ஆனால் வலிக்கு ஊசியும் வேண்டும். 1844-ல் அமெரிக்கப் பல் டாக்டர் ஹோரேஸ் வெல்ஸ் இதைச் சுவாசித்து, இன்னொருவரைக் கொண்டு தன் பல்லையே பிடுங்கச் செய்தார்.

3. முழு மயக்கம்: பெரிய ஆபரேஷனுக்கு. வெறும் வயிறாக இருக்கணும். மயக்க மருந்து டாக்டர் கூடவே இருந்து மூச்சு, நாடித்துடிப்பைக் கவனிக்கணும்.

"உனக்கு ஒரு பல்தானே? ஊசி போதும்" என்றார். எறும்பு கடிச்ச மாதிரி இருந்தது. பிடுங்கும்போது அழுத்தம் தெரிந்தது, வலி தெரியலை! உதடு மட்டும் ரெண்டு மணி நேரம் மரத்தே கிடந்தது. அதுவரை சாப்பிடக் கூடாது, உதட்டைக் கடிச்சுப்போம்.

வலி வேறு, பயம் வேறு. எது அதிகம் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆஸ்துமா, அலர்ஜி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.